வக்கீல் ஃபீஸை அரசு கட்டும்: இலவச சட்ட உதவியைக் கேட்டுப் பெறும் முறை

பத்து லட்சம் ரூபாய்க் கடனை வசூலிக்கத் தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்கு போட்டால், நீதிமன்றக் கட்டணம் மட்டும் 30,000 ரூபாய். 2017-இல் கட்டண விகிதம் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைந்த பிறகும் இதுதான் நிலை. இதன்மேல் சம்மன் அனுப்பப் பேட்டா, நகல் செலவு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் உண்டு. நியாயம் தன் பக்கம் இருந்தும் பலர் கோர்ட் வாசலை மிதிக்காததற்குப் பெரிய காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தச் செலவை அரசே ஏற்க ஒரு சட்டம் இருக்கிறது. 1987-இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அது. ஏழைக்கும் சம நீதி, இலவச சட்ட உதவி என்று அரசமைப்பின் 39-ஏ பிரிவு தந்த வாக்குறுதிக்கு அதுதான் கையும் காலும் கொடுத்தது. தகுதி உள்ளவருக்கு இந்த உதவி சட்டப்படி சேர வேண்டிய ஒன்று. அலுவலகத்துக்குள் போகும்போது அந்த நினைப்போடு போங்கள். எவருடைய தயவையும் நாடி நீங்கள் போகவில்லை.

யாருக்குக் கிடைக்கும்

சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்றில் வந்தால் போதும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் (சிறை, காப்பகம், சிறார் இல்லம், மனநல மருத்துவமனை எல்லாம் இதில் சேரும்), ஆள் கடத்தலுக்கோ கட்டாய உழைப்புக்கோ ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து, சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம்.

இந்த வகைகளில் வராத ஆண்களுக்கு மட்டுமே வருமானம் பார்க்கப்படும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு வரம்பு 5 லட்சம்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. அறுபது வயது தாண்டினாலே இலவச வக்கீல் கிடைத்துவிடும் என்பது ஒன்று. 12-ஆம் பிரிவில் முதியோர் என்று தனி வகை இல்லை. மூதாட்டி என்றால் பெண் என்ற வகையில் வந்துவிடுவார். முதியவர் வருமான வகையிலோ மாற்றுத்திறனாளி வகையிலோ கேட்க வேண்டும். இன்னொன்று, வழக்கு போடுபவருக்குத்தான் உதவி என்பது. உங்கள்மேல் யாராவது வழக்கு போட்டிருந்தாலும் எதிர்த்து நடத்த வக்கீல் கேட்கலாம். கோர்ட்டோடும் இது நிற்பதில்லை. தாசில்தார், கோட்டாட்சியர் முன் நடக்கும் விசாரணை, நுகர்வோர் ஆணையம், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், வெறும் சட்ட ஆலோசனை எல்லாமே ‘சட்டப் பணி’ என்ற வரையறைக்குள் வருபவை.

தகுதியோடு 13-ஆம் பிரிவு இன்னொன்றையும் கேட்கிறது. வழக்கில் முகாந்திரம் இருக்கிறது என்று ஆணைக்குழு நம்ப வேண்டும். ஆகவே மனுவோடு ஆவணம் வைப்பது முக்கியம். வெறும் ‘அண்ணன் ஏமாற்றிவிட்டார்’ என்ற வரியோடு வரும் மனுவை எடைபோட அவர்களிடம் எதுவும் இருக்காது.

பணம் வரும் வழி

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றலாம். வக்கீல் பணம் கேட்டால் என்ன சொல்வது, வழக்கு நகரவில்லை என்றால் யாரிடம் போவது, இந்த இரண்டு கேள்விக்கும் விடை பணம் வரும் வழியில்தான் இருக்கிறது.

மத்திய அரசு தரும் மானியம் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தேசிய சட்ட உதவி நிதியில் சேரும் (பிரிவு 15). அங்கிருந்து மாநில நிதிக்கும் (பிரிவு 16), மாநிலத்திலிருந்து மாவட்ட நிதிக்கும் (பிரிவு 17) பிரித்துத் தரப்படும். மாநில அரசு தன் பங்கை மாநில நிதியில் போடும். நன்கொடைகளும், நீதிமன்றம் யாரையாவது கட்டச் சொல்லி உத்தரவிடும் தொகைகளும் இந்த நிதிகளில் சேர்வதுண்டு. மாநில ஆணைக்குழு ஊழியர்களின் சம்பளமும் நிர்வாகச் செலவும் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து போகும். வட்ட அளவிலான குழுவின் செலவு மாவட்ட நிதியிலிருந்து. கணக்குகள் அனைத்தும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் தணிக்கைக்கு உட்பட்டவை (பிரிவு 18).

உங்களுக்கு நியமிக்கப்படும் பேனல் வக்கீலுக்கு (ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் உள்ளவர்) ஃபீஸ் கொடுப்பது ஆணைக்குழு. மாநில ஆணைக்குழு ஒப்புக்கொண்ட கட்டணப் பட்டியல்படி, வழக்கு முடிந்த அறிக்கையை அவர் கொடுத்த பிறகு, தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்கின்றன தேசிய ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள். சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது. பட்டியல் ஃபீஸ் வெளிச் சந்தையை விடக் குறைவு. வழக்கோ ஆண்டுக்கணக்கில் ஓடும். பணம் கடைசியில்தான் வரும். பலர் மனசாட்சியோடு உழைக்கிறார்கள். சிலர் இலவச கேஸைக் கடைசி வரிசையில் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளப்படாமல் பார்த்துக்கொள்வது முதல் நாளிலிருந்தே நீங்கள் வைத்திருக்கும் காகிதங்களில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறோம்.

குற்ற வழக்குகளில் நிலைமை மாறி வருகிறது. பேனல் வக்கீலுக்குப் பதிலாக, முழுநேரமும் இந்த வேலையை மட்டுமே செய்யும் சட்ட உதவி எதிர்வாத வக்கீல்களை மாவட்டங்களில் நியமிக்கும் திட்டம் ஓடுகிறது. அதற்கு 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்த தொகை 998.43 கோடி ரூபாய். மாதச் சம்பளம் வாங்கும் இவர்கள் தனியார் வழக்குகளை எடுக்க முடியாது. வழக்கு முடிந்தால்தான் காசு என்ற நெருக்கடி இவர்களுக்கு இல்லை என்பதால், குற்ற வழக்கில் சிக்கியவருக்கு இது நல்ல மாற்றம் என்றே கருதுகிறோம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பணத்தை மனுதாரர் கையில் தரமாட்டார்கள். நீதிமன்றக் கட்டணம், பேட்டா, வக்கீல், சான்றிட்ட நகல், மேல்முறையீட்டுக்கான அச்சு, மொழிபெயர்ப்பு ஆகியவை உதவியில் அடங்கும். நீங்கள் கோர்ட்டுக்கு வந்துபோகும் பஸ் காசும், அன்றைய கூலி இழப்பும் உங்களுடையதே.

எங்கே போவது

வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறதோ, அல்லது நடக்கப்போகிறதோ, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

தாலுகா ஊரில் உள்ள முன்சீப், மாஜிஸ்திரேட் கோர்ட் என்றால் அந்த வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழு. அங்குள்ள மூத்த நீதிபதி அதன் தலைவர். குடும்ப நீதிமன்றம், அமர்வு நீதிமன்றம், விபத்து இழப்பீடு போன்றவற்றுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளராக இருக்கும் சார்பு நீதிபதி. நீங்கள் சந்திக்க வேண்டியவர் அவர்தான். உயர் நீதிமன்ற வழக்குக்குச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உள்ள உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு. உச்ச நீதிமன்றத்துக்கு அங்கே தனிக் குழு இருக்கிறது. ஆன்லைனிலும் மனு செய்யலாம்.

வருவாய் மாவட்டமும் நீதிமன்ற மாவட்டமும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை. சமீபத்தில் பிரிந்த மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறுவதற்கு முன் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது. மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள், நாள்தான் வீணாகும்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் யாராவது ‘சட்ட உதவியா, வாங்க’ என்று அழைத்தால் அவர் பின்னால் போகாதீர்கள். பெயர்ப்பலகையில் ‘சட்டப்பணிகள் ஆணைக்குழு’ அல்லது ‘சட்டப்பணிகள் குழு’ என்று எழுதியிருக்கும் அறையை நீங்களே தேடுங்கள். உள்ளே சட்ட தன்னார்வலர் ஒருவர் இருப்பார். மனு எழுதித் தருவது அவர் வேலைகளில் ஒன்று. அதற்கும் பணம் கிடையாது.

மனு எழுதுவது

அச்சடித்த படிவம் அங்கேயே கிடைக்கும். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினாலும் ஏற்பார்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அலுவலகத்தில் உள்ளவர் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ள வேண்டும். தேசிய ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவும், தபாலிலும் அனுப்பலாம். நேரில் போவதே எங்கள் பரிந்துரை. என்ன ஆவணம் குறைகிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

மனுவில் கதை வேண்டாம். கீழே உள்ள அளவு போதும்:

*அனுப்புநர்: பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, கைபேசி எண்.*

*பெறுநர்: செயலாளர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, (ஊர்).*

*பொருள்: சட்ட உதவி வேண்டுதல் (சட்டப்பிரிவு 12).*

*ஐயா/அம்மா, நான் மேற்படிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் (பெண் / பட்டியல் சாதியினர் / மாற்றுத்திறனாளி / ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் குறைவு) என்ற வகையில் தகுதி உள்ளவர். எனக்கு எதிராக (நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண்) வழக்கு நிலுவையில் உள்ளது. அடுத்த வாய்தா தேதி (…). (அல்லது: கீழ்க்காணும் காரணத்துக்காக வழக்குத் தொடர விரும்புகிறேன்: இரண்டு, மூன்று வரி.) இதற்கு முன் வக்கீல் வைத்திருக்கவில்லை / வைத்திருந்தேன், பெயர் (…). வக்கீலை நியமித்து நீதிமன்றச் செலவுகளையும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*இணைப்பு: (1), (2), (3). தேதி, கையொப்பம்.*

வாய்தா தேதியை மறக்காமல் எழுதுங்கள். மனுவைப் பிரிப்பவர் கண்ணில் அவசரம் படுவது அந்த ஒரு வரியால்தான்.

இணைக்க வேண்டியவை: ஆதார் அல்லது வேறு அடையாளச் சான்றின் நகல், எந்த வகையில் கேட்கிறீர்களோ அதற்கான சான்று (சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை), வழக்கு ஆவணங்களின் நகல், அதாவது வந்த சம்மன், வக்கீல் நோட்டீஸ், பத்திரம், பட்டா, புரோநோட்டு, முதல் தகவல் அறிக்கை என எது பொருந்துமோ அது. எல்லாம் இரண்டு செட். மூலப் பத்திரத்தை மனுவோடு வைக்காதீர்கள்.

வருமானச் சான்றிதழுக்காக விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று அலைந்து மாதக்கணக்கில் மனுவைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. வருமானம் இவ்வளவு என்று நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று 13-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. நம்பாததற்குக் காரணம் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு விசாரிக்கலாம். பெண்களிடம் வருமானச் சான்று கேட்டால் ‘12-சி பிரிவில் (பெண்கள், குழந்தைகளுக்கான உட்பிரிவு) கேட்கிறேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

கொடுத்த மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். விதிமுறைப்படி உடனே முடிவு செய்ய வேண்டும். எப்படியும் 7 நாளைத் தாண்டக்கூடாது. அந்த ஏழு நாளை எண்ண, தேதியிட்ட நகல் கையில் இருக்க வேண்டும்.

காலக்கெடு காத்திருக்காது

சட்ட உதவிக்கு மனுப் போட்டுவிட்டோம் என்பதற்காக வழக்கு போட வேண்டிய காலக்கெடு நின்றுவிடாது. இந்த ஒரு தவறால் நல்ல வழக்குகள் செத்துப்போகின்றன. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு. முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். நீங்கள் வராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை நீக்கக் கோரவும் 30 நாள்தான். செக் திரும்பினால் வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும்.

ஆகவே கெடு நெருங்கியிருந்தால் மனுவின் மேற்புறத்தில் ‘அவசரம், கடைசி நாள் இது’ என்று தேதியோடு எழுதி, செயலாளரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். சம்மன் வந்திருந்தால் வக்கீல் நியமனம் ஆகும் வரை காத்திருக்காமல், வாய்தா அன்று நீங்களே கோர்ட்டில் நின்று, ‘சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், அவகாசம் வேண்டும்’ என்று முத்திரையிட்ட நகலைக் காட்டிச் சொல்லுங்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இருந்தாலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு தள்ளிப்போக வாய்ப்பு அதிகம்.

மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடச் சொல்லுங்கள். நகல் தயாராக எடுக்கும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படும். மனுவே போடாமல் வீட்டில் இருந்த நாட்கள் கழிக்கப்படா.

வக்கீல் கிடைத்த பிறகு

நியமன ஆணையின் நகல் ஒன்று உங்களுக்கு வர வேண்டும். அதில் வக்கீல் பெயரும், ஆணைக்குழுவின் கோப்பு எண்ணும் இருக்கும். இனி நடக்கும் எந்த முறையீட்டுக்கும் அந்த எண்தான் ஆதாரம். பேனலில் உள்ள குறிப்பிட்ட வக்கீல்தான் வேண்டும் என்று விரும்பினால் மனுவிலேயே எழுதலாம். கேட்டவரையே தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேனலில் சேர குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் தேவை என்பதால், வருபவர் சின்ன வயதுக்காரராக இருக்கலாம். அதை வைத்து மட்டும் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

முதல் சந்திப்பில் நாலு வேலை முடிய வேண்டும். நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வக்காலத்துப் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்; வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். மூலப் பத்திரம் கொடுக்க நேர்ந்தால், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நகலில் எழுதி வாங்குங்கள். வழக்கு பதிவானதும் அதன் சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு இடம் கொண்ட எண் அது. இ-கோர்ட்ஸ் செயலியிலோ தளத்திலோ அதை உள்ளிட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பது தெரியும். வக்கீலின் குமாஸ்தா சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. செயலி பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளியில் படிக்கும் பிள்ளை பார்த்துச் சொல்லும்.

முன்பே பணம் கொடுத்து வக்கீல் வைத்திருந்தவர்கள் வழக்கின் நடுவிலும் சட்ட உதவி கேட்கலாம். ஆனால் பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கும். பாக்கி ஃபீஸ் தகராறில் அவர் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். செயலாளர் பேசி முடிப்பார். தலைகீழாக, சட்ட உதவி வக்கீல் இருக்கும்போதே நீங்கள் தனியாக இன்னொருவரை அமர்த்தினால் உதவி நிறுத்தப்படும். தகவலை மறைத்து உதவி பெற்றாலும், வக்கீலோடு ஒத்துழைக்காவிட்டாலும் அதே கதிதான்.

வக்கீல் பணம் கேட்டால், வராமல் இருந்தால்

‘ஸ்டாம்ப் செலவு’, ‘ஜெராக்ஸ் செலவு’, ‘குமாஸ்தாவுக்கு டீ காசு’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. பேனல் வக்கீல் பயனாளியிடம் பணமோ பொருளோ வாங்கக்கூடாது என்பது விதி. மீறினால் பேனலிலிருந்து நீக்கலாம். சண்டை போடாமல், ‘செலவை ஆணைக்குழுவிடம் பில் போடுங்கள், நான் செயலாளரிடம் சொல்லிவைக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் தேதி, தொகை, எதற்கு என்று கேட்டார் என்பதைக் குறித்துச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களும் எழுதலாம். கூகுள் பே ரசீது இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

தொடர்ந்து இரண்டு, மூன்று வாய்தாவுக்கு வக்கீல் வரவில்லை என்று இ-கோர்ட்ஸ் பதிவிலிருந்து தெரிந்தால், அந்தப் பக்கத்தின் நகலோடு மனுக் கொடுங்கள். ஒவ்வொரு ஆணைக்குழுவிலும், சட்ட உதவி வழக்குகள் எப்படி நகர்கின்றன என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். வக்கீலை மாற்றித் தரும்படியும் கேட்கலாம். ‘அவர் சரியில்லை’ என்று மொட்டையாக எழுதாமல், வராத தேதிகளை வரிசையாக எழுதுங்கள். முடிவு விரைவில் வரும்.

மனுவையே நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் என்றால் தலைவரான மாவட்ட நீதிபதியிடமும், மாநில அளவில் என்றால் செயல் தலைவரிடமும் மேல்முறையீடு உண்டு. அந்த முடிவு இறுதியானது. முகாந்திரம் இல்லை என்று தள்ளியிருந்தால், விடுபட்ட ஆவணத்தை மேல்முறையீட்டோடு சேர்த்து வைப்பதுதான் பயன் தரும். அதே வாதத்தை உரக்கச் சொல்வதால் எதுவும் மாறாது.

கைதானால்

இங்கே மனுவும் படிவமும் அடுத்த பட்சம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் பாராமல் தகுதி உண்டு. மாஜிஸ்திரேட் முன் முதல்முறை நிறுத்தும்போதே வக்கீல் கிடைக்க வேண்டும் என்று 1981-இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதானவர் வாய் திறந்து கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கில் சொன்னது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 341-ஆம் பிரிவும் அரசு செலவில் வக்கீல் தரச் சொல்கிறது.

வீட்டார் செய்ய வேண்டியது: எந்தக் காவல் நிலையம், எந்த கோர்ட்டில் நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டு 15100-க்கோ மாவட்ட ஆணைக்குழுவுக்கோ சொல்வது. கைதானவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘எனக்கு வக்கீல் இல்லை, சட்ட உதவி வேண்டும்.’ சிறைக்குப் போய்விட்டால் உள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் மனு அனுப்பலாம். தண்டனை விதித்த தீர்ப்பின் ஒரு நகல் குற்றவாளிக்கு இலவசம். அதைக் கேட்டு வாங்கி, மேல்முறையீட்டுக்கு, மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் மாவட்ட ஆணைக்குழுவையும், அமர்வு நீதிபதியின் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றக் குழுவையும் நாட வேண்டும்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் பக்கம் என்றால், இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வதும் இதே மாவட்ட ஆணைக்குழுதான். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னால்

ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு சமரசமாக முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உத்தரவுக்கு டிக்ரியின் (உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை) பலம் உண்டு. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், செக் வழக்குகளுக்கு நல்ல வழி. ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தராவிட்டால் என்ன என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜீவனாம்ச வழக்கில் ‘மாதாமாதம் கொடுத்துவிடுவார்’ என்ற வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு தவிக்கும் பெண்கள் ஏராளம். விருப்பமில்லை என்றால் ‘சம்மதமில்லை’ என்று சொல்லலாம். வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பும். உங்கள் சட்ட உதவியும் போகாது.

ஊருக்குச் சட்ட உதவி மையம் கேட்க

தனி ஆளின் வழக்குக்கு மட்டும் இந்த நிதி இல்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டப்பணி மையங்கள் விதிமுறைகள், கிராமங்களிலும், சிறைகளிலும், கல்வி நிறுவனங்களிலும் மையம் வைக்க வழி செய்கின்றன. ஊராட்சித் தலைவரோ, மகளிர் குழுவோ, தன்னார்வ அமைப்போ மாவட்டச் செயலாளருக்கு எழுதலாம். எந்தெந்தக் குக்கிராமங்களுக்குப் பயன்படும், ஊராட்சி எந்த அறையை எந்தக் கிழமைகளில் தரும், ஊரில் எந்த வகைப் பிரச்சினை அதிகம் (பட்டா, ஜீவனாம்சம், கூலி பாக்கி) என்று ஒரு பக்கத்தில் சொன்னால் போதும். இடத்தை ஊராட்சி தரும். வக்கீலையும் சட்ட தன்னார்வலரையும் அனுப்பி அவர்களின் மதிப்பூதியத்தை ஏற்பது ஆணைக்குழு. அறை இல்லாமல் மையம் கேட்கும் கடிதங்கள் கிடப்பில் போகின்றன. நூலகத்தின் ஒரு மூலையையாவது தீர்மானம் போட்டு ஒதுக்கி, தீர்மான நகலை இணையுங்கள்.

தன்னார்வ அமைப்புகளுக்குக் குறிப்பிட்ட திட்டங்களுக்காக மானியம் தரும் அதிகாரம் தேசிய ஆணைக்குழுவுக்குச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அலுவலக வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பணம் கிடைக்கும் என்று எண்ணி இறங்க வேண்டாம். முதலில் ஊரில் இரண்டு பேரைச் சட்ட தன்னார்வலர் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி முடித்தவர்கள் இருக்கும் ஊருக்குத்தான் மையமும் முகாமும் எளிதில் வருகின்றன.

கோர்ட் தூரமாக இருக்கும் ஊர்களில் ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் டெலி-லா சேவை இருக்கிறது. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்தால் வக்கீல் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசுவார். 14454 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இதுவும் மத்திய அரசின் பணத்தில் நடப்பதே. பேசி முடித்த பிறகு வழக்கு போட வேண்டிய நிலை வந்தால், அவர் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதோடு வட்டக் குழுவுக்குப் போய் மேலே சொன்னபடி மனுக் கொடுங்கள்.